சும்மா இருக்கும் கணினிக்கு ஒரு நல்ல வேலை

அலுவலகக் கணினிகளின் ஓய்வு நேரத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் போகிற போக்கில் பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கும் அதில் சந்தோஷம். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு குழுவை நடத்தியிருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

● பின்னலாடை ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், திருப்பூர்: எங்கள் அலுவலகத்தில் 40 கணினிகள் இருக்கின்றன. வருடா வருடம் ரத்ததான முகாம் நடத்துகிறோம். இதையும் செய்யலாமே என்று முதலாளியிடம் சொன்னேன். "சும்மா கிடக்குற கம்ப்யூட்டர் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்குமா? யாராவது ஏமாத்துறாங்களா பாருங்க" என்கிறார். என்ன சொல்லட்டும்?

முதலில் அவரை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுங்கள். டேலியும் எக்ஸெலும் மெயிலும் திறந்திருக்கும்போதே பிராசசர் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துகூட வேலை செய்யாது. பணம் கொடுத்து வாங்கிய திறனில் பெரும்பகுதி நாள் முழுக்கச் சும்மா நிற்கிறது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி காய் நறுக்குவதைப் பார்த்திருப்பார். மூட்டை மூட்டையாக வந்த காயைப் பத்துப் பேர் பத்து மூலையில் உட்கார்ந்து நறுக்குவார்கள். ஒருவர் கத்தரிக்காயை முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் அவர் பங்கை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சாம்பாரைப் பத்து வீட்டு அடுப்பில் பங்கு பிரித்துக் கொதிக்கவைக்க முடியாது. ஆராய்ச்சிக் கணக்குகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. நோய்க்குக் காரணமான ஒரு புரதத்தில் எந்த மூலக்கூறு போய் ஒட்டும் என்று லட்சக்கணக்கான மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் கணக்கு காய் நறுக்கும் வகை. அதைத்தான் உலகெங்கும் உள்ள கணினிகளுக்குப் பங்கு பிரித்து அனுப்புகிறார்கள். இன்று பெய்ய வேண்டிய மழையை இன்றைக்குள் கணிப்பது இரண்டாவது வகை. அதற்கு ஒரே இடத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும்.

வேலை இப்படி நடக்கும். உங்கள் கணினியில் பாயிங்க் என்ற இலவச மென்பொருளை நிறுவுகிறீர்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் ஆண்டர்சன் என்பவர் தலைமையில் உருவானது அது. 1999-இல் வேற்றுக்கிரக ரேடியோ சமிக்ஞையைத் தேடுவதற்காக வந்த செட்டி அட் ஹோம் திட்டத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது. பாயிங்க் ஒரு சிறு கணக்கை இறக்கிக்கொள்ளும், சில மணி நேரம் போடும், விடையைத் திருப்பி அனுப்பும், அடுத்ததை வாங்கும். விடை தப்பாக இருந்தால்? பல திட்டங்களில் ஒரே கணக்கை வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது கணினிக்குப் போகும். கரன்ட் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும்.

பலன் என்ன என்பது முதலாளியின் உண்மையான கேள்வி. 2003-இல் பெரியம்மைக்கு மருந்து தேடும் ஒரு திட்டத்தை ஐபிஎம்மும் சில அமைப்புகளும் இந்த வழியில் நடத்தின. மூன்றரைக் கோடி மூலக்கூறுகளைச் சலித்ததில் 44 நல்ல வேட்பாளர்கள், அதாவது மருந்தாகக்கூடிய மூலக்கூறுகள், தேறின. அந்தத் தைரியத்தில் 2004 நவம்பரில் ஐபிஎம் தொடங்கியதுதான் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட். பல ஆராய்ச்சிகளுக்கு இப்படிக் கணினி நேரத்தைத் திரட்டித் தரும் அமைப்பு அது, இப்போது பாயிங்க் வழியாக ஓடுகிறது. லாப நோக்கமில்லாத ஆராய்ச்சிக்கு மட்டும் இடம், முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான். ஒரு மருந்துக் கம்பெனியின் லாபத்துக்காக நம் கரன்ட் ஓடாது.

அந்தக் கிரிட்டில் 2009-இல் ஜப்பானின் சிபா புற்றுநோய் மையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நியூரோபிளாஸ்டோமா என்று சின்னக் குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. நரம்பு செல்களாக வளர வேண்டியவை கட்டியாகிவிடும் நோய். பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் தொடங்கும். அதற்கு எதிராக சுமார் முப்பது லட்சம் சேர்மங்களைப் பொருத்திப் பார்த்து, நம்பிக்கை தரும் ஏழு சேர்மங்களை 2014-இல் அறிவித்தார்கள்.

ஏழு மருந்து கிடைத்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். கிடைத்தது ஏழு வேட்பாளர்கள். விலங்குகளில் சோதனை, மனிதர்களில் சோதனை என்று அங்கிருந்து மாத்திரை வரைக்கும் பல ஆண்டுத் தூரம் உண்டு, பாதியில் நின்றுபோவதும் ஏராளம். நம் கணினி செய்வது முதல் சலித்தல். அப்படிச் சலித்தெடுக்காவிட்டால் முப்பது லட்சத்தில் எதை ஆய்வகத்துக்கு எடுத்துப்போவது என்றே தெரியாது.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய கணினியின் ஸ்கிரீன்சேவரில் இந்தப் புரதங்கள் சுழலும். காலையில் பையை வைத்ததும் என்னைக் கூப்பிட்டு, "நேத்து என் மெஷின் எத்தனை கணக்கு போட்டுச்சு?" என்பார். எண்ணிக்கையைச் சொன்னால் மட்டும் விடமாட்டார், எந்த நோய்க்கு என்றும் சொல்ல வேண்டும். அவருடைய தம்பி மகன் அப்போது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தான். குழுவில் ஆள் சேர்த்தது பெரும்பாலும் அவர்தான். நான் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து வந்தவர்கள் குறைவு, அவர் மதியச் சாப்பாட்டில் சொல்லிச் சேர்ந்தவர்கள்தான் அதிகம். ரத்ததான முகாம் நடத்தும் உங்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும்.

● பாலிடெக்னிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர், கோவை: ஆய்வகச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நல்ல காரியம்தானே, முதல்வரிடம் சொல்லாமல் எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டால் என்ன?

வேண்டாம். உங்களைப் போன்ற ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினிகளைக் கவனித்துவந்த ஊழியர், 1999-இல் கல்லூரிக் கணினிகளில் இதே மாதிரியான பகிர்ந்து கணக்கிடும் மென்பொருளைப் போட்டார். அவர் எதையும் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஆனாலும் கணினித் திருட்டு, அத்துமீறல் என்று அரசு வழக்குப் போட்டது. பல லட்சம் டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள், நீண்ட சிறைத்தண்டனை வரும் என்ற பயம் இருந்தது. 2002-இல் சமரசம் ஏற்பட்டு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், 80 மணி நேரச் சமூகசேவை என்று முடிந்தது. வேலை ஏற்கெனவே போயிருந்தது.

என் மனதுக்கு அந்தத் தண்டனை அதிகம். ஆனால் அடிப்படை சரி: கணினியும் கரன்டும் கல்லூரியுடையது, தானம் கொடுக்க வேண்டியதும் கல்லூரிதான். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எத்தனை கணினி, எந்த நேரம், எந்தத் திட்டம், மாதம் எவ்வளவு கரன்ட், பிரச்சினை என்றால் யார் நிறுத்துவார் என்று ஐந்து விஷயம் இருந்தால் போதும். முதல்வரின் கையெழுத்து வந்த பிறகு மாணவர்களையே குழுவாகச் சேர்க்கலாம். ஒளித்து வைத்த மென்பொருளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

● நிர்வாக அலுவலர், மதுரை: கணினி சும்மாதான் இருக்கிறது, செலவே இல்லை என்று எங்கள் ஐடி பையன் சொல்கிறான். நம்பலாமா?

நம்பாதீர்கள். சும்மா இருக்கும் கணினி குறைவாகச் சாப்பிடும், வேலை கொடுத்தால் அதிகம் சாப்பிடும். நீங்கள் தானமாகக் கொடுப்பது மின்சாரம். அதைத் தெரிந்து கொடுத்தால்தான் கொடை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெஸ்க்டாப் ஒன்று சும்மா இருக்கும்போது 40 வாட், பிராசசரில் பாதியைக் கொடுத்தால் 80 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் 40 வாட். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் ஒரு கணினிக்கு 8 யூனிட். திருப்பூர்க்காரரின் 40 கணினிக்கு 320 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் மாதம் 3,200 ரூபாய். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினிக்கு எண் வேறாக இருக்கும். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது, ஒன்று வாங்கி அளந்துவிட்டே நிர்வாகத்திடம் பேசுங்கள்.

அந்த 3,200 ரூபாயைப் பணமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மாதத்தில் உங்கள் கணினிகள் போட்ட கணக்கை ஒரு ஆராய்ச்சியாளர் வாடகைக்கு எடுத்துப் போட வேண்டுமானால் பல மடங்கு ஆகும், ஏனென்றால் கணினியின் விலையை நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆனால் இதற்காகவே புதிதாகக் கணினி வாங்குவதும், அணைத்துவிட்டுப் போக வேண்டியதை ராத்திரி முழுக்க எரியவிடுவதும் எனக்குச் சம்மதமில்லை. நாங்கள் அலுவலக நேரத்தில் மட்டும்தான் ஓட்டினோம். ராத்திரி வாட்ச்மேன் மெயின் ஸ்விட்சை அணைப்பது நிறுவன விதி, அது நல்ல விதி.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று யுபிஎஸ். பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற அமைப்பு மடிக்கணினிக்கு வேலை செய்யும். டெஸ்க்டாப்புக்கு, கரன்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடுவது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு முழு மூச்சில் கணக்குப் போடும், அரை மணி நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் சீக்கிரமே கத்தும். பிராசசரில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று தூசி. மேசைக்கு அடியில் தரையோடு தரையாக வைத்த சிபியூவின் பக்கவாட்டுக் காற்றுத் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள், பஞ்சு மாதிரி வரும். அதைச் சுத்தம் செய்து, செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

● வாடிக்கையாளர் சேவை நிறுவன ஊழியர், சென்னை: எங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்கள் கணினியில் இருக்கின்றன. இந்த மென்பொருள் அவற்றைப் படிக்குமா? வைரஸ் வருமா?

அது தனக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில் மட்டும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. திட்டங்கள் அனுப்பும் நிரல்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். நல்ல திட்டம் உங்களிடம் பணம் கேட்காது, உங்களுக்குப் பணமும் தராது. "கணினியைக் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று வந்தால் அதற்குப் பின்னால் வேறு வியாபாரம் இருக்கும்.

இதற்கு மேலும், வாடிக்கையாளர் தகவல் இருக்கும் கணினியில் வேலைக்கு வேண்டாத எந்த மென்பொருளும் இருக்கக் கூடாது என்று உங்கள் ஒப்பந்தம் சொன்னால் அதோடு முடிந்தது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

● வங்கி ஊழியர், விழுப்புரம்: என் தம்பிக்குக் காசநோய் வந்து இப்போது சிகிச்சையில் இருக்கிறான். இந்த நோய்க்கு இப்படி ஏதாவது ஆராய்ச்சி உண்டா? வங்கிக் கணினியில் நிச்சயம் போட விடமாட்டார்கள்.

வங்கிக் கணினியைத் தொட வேண்டாம். குழு என்பது ஆட்களின் பயனர் கணக்குகளைச் சேர்த்தது, கணினி யார் மேசையில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. உங்கள் கிளையில் பத்துப் பேர் வீட்டுக் கணினியை இணைத்து ஒரே குழுவாக இருக்கலாம். பல நிறுவனக் குழுக்களில் இப்படித்தான் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

காசநோய்க்கு 2016-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த மேலுறை உண்டு. மைகோலிக் அமிலங்கள் என்ற நீண்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆனது. பல மருந்துகள் உள்ளே போக முடியாமல் திணறுவதற்கு அது ஒரு காரணம். அந்தச் சங்கிலிகள் எப்படி மடங்குகின்றன, எப்படி அசைகின்றன என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதே அந்தத் திட்டம். மருந்து தேடுவதற்கு முந்தைய படி அது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர் என்னும்போது, இப்படிப்பட்ட கணக்கில் நம் ஊர்க் கணினிகள் நிறைய இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

உலகத்துக்கு நம் ஊர் கொடுத்ததும் உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நெருக்கடியான வீட்டில், சத்தில்லாத சாப்பாட்டோடு இருக்கும் ஏழை நோயாளி வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகிறார், அதனால் வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவுவதுமில்லை என்று 1959-இல் அவர்கள் நிரூபித்தார்கள். உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. உங்கள் தம்பி வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் அந்தச் சென்னை ஆய்வு இருக்கிறது.

தம்பியிடம் சொல்லுங்கள்: இருமல் நின்றுவிட்டது, எடை ஏறிவிட்டது என்று மருந்தை நடுவில் விடக் கூடாது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நிக்ஷய் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கே வரும். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவைச் சரிபாருங்கள். கணினிக் குழுவை அப்புறம் பார்க்கலாம், இதை இன்றைக்கே கேளுங்கள்.

● மென்பொருள் பொறியாளர், ஓசூர்: வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டில் குழு தொடங்கினோம். சில மாதமாகக் கணக்கே வரவில்லை, எல்லாரும் சோர்ந்துவிட்டார்கள். திட்டம் செத்துவிட்டதா?

2021-இல் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை கனடாவின் டொரன்டோவில் உள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்திடம் ஐபிஎம் ஒப்படைத்தது. பெரிய நிறுவனம் பார்த்துக்கொண்டதை ஒரு மருத்துவமனை ஆய்வகம் பார்க்கும்போது நீண்ட இடைவெளிகள் வந்தன. கோபப்படாதீர்கள். பாயிங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களை இணைக்கலாம். ஒன்றில் வேலை இல்லாதபோது மற்றது ஓடும். புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடும் ரொசெட்டா அட் ஹோமைச் சேருங்கள். 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்துடையது அது. பருவநிலைக்கு க்ளைமேட் பிரடிக்ஷன் இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் புரதங்கள் எப்படி மடங்குகின்றன என்று பார்க்கும் ஃபோல்டிங் அட் ஹோம் இன்னொரு நல்ல இடம், அதற்கு மென்பொருள் தனி. 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் விஜய் பாண்டே தொடங்கியது. 2020 மார்ச்சில் ஊரெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோது ஜனங்கள் அதில் குவிந்தார்கள். நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டிய உலகின் முதல் அமைப்பு அதுதான், எந்த நாட்டின் சூப்பர் கம்ப்யூட்டரும் அப்போது அந்த எல்லையைத் தொட்டிருக்கவில்லை. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் எப்படித் திறக்கிறது என்பதை அந்தக் கணினிகள் போட்ட கணக்கில் பார்த்தார்கள். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல வீட்டு மேசையில் ஒரு கணினி வைத்திருந்தவர்கள்.

● கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: செல்போனில் செய்யலாமா?

ஆண்ட்ராய்டில் பாயிங்க் உண்டு. சார்ஜரில் இருக்கும்போது, பேட்டரி ஏறக்குறைய நிரம்பிய பிறகு, வைஃபையில் மட்டும் வேலை செய்யும்படி அமைப்புகள் இருக்கும். கத்திரி வெயில் மாதத்தில் வேண்டாம், போன் சூடேறி பேட்டரி உப்பும். படிப்புக்கு ஒரே போனைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் எந்த மாதத்திலும் வேண்டாம்.

● மனிதவளப் பிரிவு அலுவலர், ஸ்ரீபெரும்புதூர்: போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் அதிகம் பேர் சேர்வார்களா? குழுவுக்கு என்ன பெயர் வைப்பது?

சேர்வார்கள். ஆனால் கணினி போட்ட கணக்குக்குக் கிடைக்கும் புள்ளி யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு என்று வைத்தால், பெரிய கணினி வைத்திருக்கும் வடிவமைப்புப் பிரிவுதான் எப்போதும் ஜெயிக்கும், ஸ்டோர்ஸில் பழைய கணினி வைத்திருப்பவர் இரண்டாவது மாதமே அணைத்துவிடுவார். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் தொடர்ந்து இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாதம் ஒருமுறை, நம் குழு எந்த நோய்க்கு எத்தனை கணக்கு முடித்தது என்று தமிழில் அரைப் பக்கம் எழுதி கேன்டீன் வாசலில் ஒட்டுங்கள். கோப்பையைவிட அதை அதிகம் பேர் படிப்பார்கள்.

பெயரில் நிறுவனமும் ஊரும் இருக்கட்டும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் தேடினால் கிடைக்க வேண்டும். குழுவைத் தொடங்கும் பயனர் கணக்கைத் தனி ஆளின் மெயிலில் வைக்காதீர்கள், அலுவலகத்தின் பொது மெயிலில் வையுங்கள். தொடங்கியவர் வேலையை விட்டுப் போனால் பொறுப்பை வேறொருவர் கேட்டு வாங்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் காத்துக்கிடக்க வேண்டும்.